உறங்கும் ஊருக்குப் பட்ட கடன்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் நெடுஞ்சாலையின் பாதித் தூரத்தில் தக்கலை, அழகியமண்டபம், மார்த்தாண்டம், குழித்துறை என ஊர்கள் ஒன்றையொன்று தொட்டபடி நீள்கின்றன. எங்கே ஓர் ஊர் முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று வெளியூர்க்காரர் கண்டுபிடிக்க முடியாது. கடந்த சில பத்தாண்டுகளாக இங்கே ஒரு புதுவகைக் குடித்தனம் பெருகியிருக்கிறது. வீட்டில் ஒருவருக்குத் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியிலோ கழக்கூட்டம் டெக்னோபார்க்கிலோ வேலை. இன்னொருவருக்கு நாகர்கோவிலில் பள்ளியிலோ வங்கியிலோ வேலை. பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே நல்ல பள்ளிக்கூடம் வேண்டும். இரு பக்கமும் போய்வரத் தோதாக நடுவில் ஐந்து சென்ட் மனை வாங்கி வீடு கட்டிக் குடியேறுகிறார்கள். 1979-ல் திருவனந்தபுரத்துக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே ரயில்பாதை திறந்தபின் சீசன் டிக்கெட்டோடு காலை வண்டி ஏறி இரவு வண்டியில் திரும்பும் வாழ்க்கை இங்கே வழக்கமாகிவிட்டது. சம்பளம் ஓரூரில், சொந்தபந்தம் இன்னோரூரில், உறக்கம் மட்டும் நடுவூரில். இப்படி வாழும் குடும்பம் தான் உறங்கும் ஊருக்கு ஏதேனும் கடன்பட்டிருக்கிறதா? பட்டிருக்கிறது என்றால் அந்தக் கடனை விதிப்பது எது? சமூகவியலார் கேட்கக்கூடிய கேள்வி போலத் தோன்றினாலும், அடிப்படையில் இது சமயம் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. யாருக்கு யார் பொறுப்பு என்பதை மனிதர்கள் முதலில் கேட்டது தெய்வத்தின் முன்னால்தான்.

இந்தக் கேள்விக்குப் பொதுவாக இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. முதல் பதில், ஊர் என்பது பிறப்பால் வருவது, குலதெய்வம் எங்கே இருக்கிறதோ, முன்னோர் எங்கே அடக்கமானார்களோ அதுவே சொந்த ஊர், மற்றதெல்லாம் தங்குமிடம். இரண்டாம் பதில், கடவுள் எங்கும் நிறைந்தவர். மனம் சுத்தமாக இருந்தால் எந்த இடமும் ஒன்றுதான். குடும்பத்தை ஒழுங்காக நடத்தி, பூசையறையிலோ குடும்ப ஜெபத்திலோ கும்பிட்டுக்கொண்டால் போதும். ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தெரியும் இந்தப் பதில்கள் ஓரிடத்தில் ஒத்துப்போகின்றன. இரண்டுமே நடுவூரை விட்டுவிடுகின்றன. முதலாவது கடமைகள் அனைத்தையும் பூர்வீக ஊருக்குக் கட்டிக் கொடுத்துவிடுகிறது. இரண்டாவது கடமைகளை வீட்டு வாசலுக்குள் அடக்கிவிடுகிறது. இரண்டில் எதை ஏற்றாலும், இரவில் நமக்கு அரணாக இருக்கும் அக்கம்பக்கம் நம்மேல் உரிமை கோர முடியாத வெற்றிடமாகிவிடும். என் துணிபு வேறு. ஓர் ஊர் நமதாவது பிறப்பாலோ பத்திரப் பதிவாலோ நிகழ்வதில்லை. அங்கே நாம் ஏற்றுச் சுமக்கும் கடமையால் நிகழ்கிறது. குமரி மாவட்டத்தின் சமய மரபுகள் எல்லாமே, கூர்ந்து பார்த்தால், இதைத்தான் சொல்கின்றன.

பிறப்பையே அளவுகோலாகக் கொண்டதாக நாம் நினைக்கும் குலதெய்வ வழிபாட்டிலிருந்தே தொடங்கலாம். பங்குனி உத்திரத்தன்று நெல்லை, குமரிப் பக்கத்துக் குடும்பங்கள் தங்கள் சாஸ்தாவைத் தேடிப் போகின்றன. சென்னையிலும் மும்பையிலும் இருப்பவர்கள்கூட அந்த ஒருநாளில் குளத்தங்கரையிலோ வயல்நடுவிலோ இருக்கும் சிறு கோயிலில் பொங்கல் வைத்துத் திரும்புகிறார்கள். இது பிறப்பின் பிடி என்று சொல்லிவிடலாம். ஆனால் இதே மண்ணில் பிடிமண் என்ற வழக்கமும் இருக்கிறது. பிழைப்புக்காக இடம் பெயர்ந்தவர்கள் மூலக்கோயிலிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துவந்து, புதிய குடியிருப்பில் இட்டுப் பீடம் எழுப்பி, இசக்கியம்மனையும் சுடலைமாடனையும் நிலைப்படுத்துகிறார்கள். இரண்டு கோயில்களுக்கும் இடையே உறவு தொடரும். ஆனால் புதிய கோயிலுக்குக் கொடை கொடுக்கும் பொறுப்பு புதிய ஊரார் தலையில் விழும். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டுப் பிரித்து, பந்தல், வில்லுப்பாட்டு, படைப்பு, சாப்பாடு என ஒவ்வொன்றுக்கும் ஆள் பிரித்துக்கொள்ள வேண்டும். மண்ணை எடுத்துவருவது ஒருநாள் வேலை. வரி கொடுப்பதும் வேலையைப் பகிர்வதும் தலைமுறைக்கும் தொடரும் வேலை. அந்த வேலை நின்றால் பீடம் வெறும் கல்லாகக் கிடக்கும். ஆக, தெய்வம் இடம் மாறும் என்பதை நம் பாட்டன்மார் மறுக்கவில்லை. தெய்வத்தோடு கடமையும் இடம் மாறியாக வேண்டும் என்று மட்டும் நிபந்தனை வைத்தார்கள்.

இதைவிடப் பெரிய சான்று இந்த நெடுஞ்சாலையிலேயே ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. திருவிதாங்கூரின் தலைநகரம் பத்மநாபபுரமாக இருந்தவரை நவராத்திரி விழா அங்கேதான் நடந்தது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போனது. அரசர் போனார், அலுவலகங்கள் போயின, விழாவும் போனது. ஆனால் பத்மநாபபுரம் தேவாரக்கட்டு சரஸ்வதி குடிபெயரவில்லை. இன்றும் நவராத்திரிக்கு முன்பு சரஸ்வதியும் வேளிமலை குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னூற்றி நங்கையும் பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து ஊர்வலமாகப் புறப்பட்டுத் திருவனந்தபுரம் போகிறார்கள். அரசர் காலத்து உடைவாள் முன்னே போகிறது. களியக்காவிளை எல்லையில் கேரளத்தார் வரவேற்கிறார்கள். இரு மாநிலக் காவலர்களும் மரியாதை செலுத்துகிறார்கள். விழா முடிந்ததும் மூவரும் தத்தம் கோயிலுக்குத் திரும்பிவிடுகிறார்கள். அந்தச் சரஸ்வதி விக்கிரகம் கம்பர் வழிபட்டது, பின்னர் சேர மன்னரிடம் வந்து சேர்ந்தது என்பது மரபு. அதாவது, பத்மநாபபுரத்துக்கே அவள் வந்து சேர்ந்தவள்தான் என்பது பக்தர்களின் நம்பிக்கை. வந்து சேர்ந்த இடத்தில் வேரூன்றியவள், அரசே இடம் மாறியபோதும் அந்த வேரை விடவில்லை. புதிய தலைநகரத்தின் அழைப்பை மறுக்கவும் இல்லை. போக வேண்டிய இடத்துக்குப் போகிறாள். இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறாள்.

இந்தப் பயணத்தில் என் வாதத்துக்கு மிகவும் வேண்டியது ஒன்று உண்டு. ஊர்வலம் ஒரே நாளில் போய்ச் சேர்ந்துவிடுவதில்லை. முதல் இரவு குழித்துறையில், அடுத்த இரவு நெய்யாற்றின்கரையில் தங்கிச் செல்கிறது. நடுவூர்க்காரர்கள் சாலையோரம் நிலவிளக்கு ஏற்றி, தட்டத்தில் பூவும் பழமும் வைத்துக் காத்திருக்கிறார்கள். தங்கும் கோயிலில் விருந்தாளித் தெய்வங்களுக்குரிய பூசை நடக்கிறது. வேறெங்கோ போய்க்கொண்டிருக்கும் தெய்வம் ஓரிரவு தங்கினாலும், தங்கும் ஊருக்கும் தங்கும் தெய்வத்துக்கும் இடையே கொடுக்கல் வாங்கல் உண்டு. மாசி மாதத்துச் சிவாலய ஓட்டமும் இதே பாடத்தைச் சொல்கிறது. திருமலையில் தொடங்கி திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை என்று நீண்டு திருநட்டாலத்தில் முடியும் பன்னிரு கோயில்களுக்கு ஓடும் அந்தப் பாதை நூறு கிலோமீட்டருக்கு மேல். கோவிந்தா கோபாலா என்று கூவியபடி கையில் விசிறியோடு ஓடுபவர்களுக்கு வழிநெடுக மோரும் பானகமும் கஞ்சியும் கொடுப்பவர்கள், அந்தப் பன்னிரண்டில் எதையும் தங்கள் பெயரில் கொண்டிராத இடைவழி ஊர்க்காரர்கள்தாம். இந்த நிலத்தில் நடுவழி எப்போதும் வெறும் வழியாக இருந்ததில்லை. இங்கே தங்குவது ஓர் உறவு. உறவு என்றால் அதற்குக் கடனும் உண்டு.

வந்து குடியேறியவர்களை இந்தப் பகுதி எப்படிப் பார்த்தது என்பதற்குத் தக்கலையே சாட்சி. ஞானப்புகழ்ச்சி பாடிய பீர்முகம்மது அப்பா தென்காசியில் பிறந்தவர். நெசவைத் தொழிலாகக் கொண்டவர் என்று மரபு சொல்கிறது. தக்கலையில் வந்து தங்கி அங்கேயே அடக்கமானார். இன்று ஆண்டுதோறும் அவர் நினைவு நாளில் அவர் தர்காவில் கூடி அவர் பாடல்களை இரவு முழுக்க ஓதுகிறார்கள். அவரைத் தென்காசிக்காரர் என்று யாரும் சொல்வதில்லை, தக்கலை அப்பா என்றே சொல்கிறார்கள். மார்த்தாண்டம் தொடுவெட்டி என்று அழைக்கப்பட்ட காலத்தில், 1920-களில், அமெரிக்காவிலிருந்து வந்த ஸ்பென்சர் ஹாட்ச் அங்கே ஒய்.எம்.சி.ஏ.யின் கிராமப் புனரமைப்பு மையத்தை நடத்தினார். தேனீ வளர்ப்பு, கோழி வளர்ப்பு, கூட்டுறவு விற்பனை என்று ஏழை வீடுகளுக்குக் கைத்தொழில் கற்றுக்கொடுத்த அந்த முயற்சியில் வேர்பிடித்ததுதான் இன்று பெயர்பெற்ற மார்த்தாண்டம் தேன். ஒருவர் தன் ஞானத்தைக் கொடுத்தார். மற்றவர் தன் உழைப்பைக் கொடுத்தார். எங்கே பிறந்தார்கள் என்பதை ஊர் கணக்கில் வைக்கவில்லை. எதைக் கொடுத்தார்கள் என்பதைத்தான் வைத்துக்கொண்டது.

குடும்பத்தோடு புதிய இடத்தில் வாழ்வதற்கு முறையான ஒழுக்கம் தேவை என்பதை இந்த மாவட்டத்தில் மிகத் தெளிவாகக் கண்டவர் வைகுண்ட சுவாமி. 1809 முதல் 1851 வரை வாழ்ந்த அவர், தம்மை நாடி வந்த சுமார் 700 குடும்பங்களைக் கடற்கரையில் குடியிருக்கச் செய்து துவையல் தவம் நடத்தினார் என்று அய்யாவழி மரபு சொல்கிறது. அவர்கள் பல ஊர்களிலிருந்து வந்தவர்கள். குளிப்பதும் துணி துவைப்பதும் சமைப்பதும் உண்பதும் வேண்டுவதும் ஒன்றாக நடந்தன. சாமித்தோப்பின் முந்திரிக் கிணற்றில் எந்தச் சாதிக்காரரும் நீர் எடுக்கலாம் என்பது அக்காலத் திருவிதாங்கூரில் நினைத்தும் பார்க்க முடியாத ஏற்பாடு. துவையல் தவம் முடிந்து ஊர்களுக்குப் போனவர்கள் ஊர்தோறும் நிழல் தாங்கல்கள் என்னும் வழிபாட்டிடங்களை எழுப்பினார்கள். இதில் நான் காணும் உண்மை இதுதான்: வழிபாடு பக்கத்து வீட்டாரோடு தண்ணீரையும் சோற்றையும் பகிரும் இடத்திலிருந்து தொடங்குகிறது. கிறிஸ்தவ வேதத்தில் எரேமியா தீர்க்கதரிசி பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதமும் இங்கேதான் வந்து சேர்கிறது. வீடு கட்டுங்கள், தோட்டம் நடுங்கள், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்துவையுங்கள், அந்நிய நகரத்தின் நலனுக்காகவே வேண்டிக்கொள்ளுங்கள், அதன் நலனில்தான் உங்கள் நலனும் இருக்கிறது என்று அவர் எழுதினார். எருசலேமுக்குத் திரும்பும் ஆசையை அவர் கைவிடச் சொல்லவில்லை. திரும்பும்வரை நிற்கும் இடத்துக்கு உண்மையாக இருக்கச் சொன்னார். வலுக்கட்டாயமாகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கே இந்தக் கடமை உண்டென்றால், பள்ளிக்கூடமும் ரயில் நிலையமும் பார்த்துத் தாமாகத் தேர்ந்தெடுத்து வந்தவர்களுக்கு எவ்வளவு உண்டு!

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். எல்லாவற்றிலும் வலுவான மறுப்பு இது: ஊர் என்பது கூண்டாக இருந்தது, அதிலிருந்து தப்பித்தவர்களை மறுபடியும் ஏன் ஊருக்குள் கட்டுகிறீர்கள்? இதைக் கேட்பவர்களின் பக்கம் வரலாறு நிற்கிறது. மாராப்புத் துணி போடும் உரிமைக்காகக் கல்குளம், விளவங்கோடு, அகஸ்தீஸ்வரம் பகுதிப் பெண்கள் பல பத்தாண்டுகள் அடிபட்டார்கள். 1859-ல்தான் அரசு அதற்கு ஓரளவு இடம்கொடுத்தது. 1926-ல் சுசீந்திரம் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாகிரகம் நடந்தது. 1936 நவம்பர் 12-ஆம் தேதிக் கோயில் நுழைவுப் பிரகடனம் வரை கோயிலே பெரும்பாலோருக்குப் பூட்டிக் கிடந்தது. அந்த ஊரில் யார் எங்கே நிற்கலாம், எந்தக் கிணற்றில் கைவைக்கலாம், யார் சாவுக்கு யார் பறையடிக்க வேண்டும் என்பதெல்லாம் பிறப்பு விதித்த கடமைகள். அந்தக் கடமைகளிலிருந்து ஓடிவந்து, யாரும் யாரையும் கேட்காத நடுவூரில் கேட்டைச் சாத்திக்கொண்டு வாழ்வதில் ஒரு விடுதலை இருக்கிறது. அதை நான் இலேசாக எண்ணவில்லை.

ஆனால் அந்த விடுதலை பாதிதான். கேட்டைச் சாத்தினால் சாதி வெளியே நின்றுவிடும் என்பது உண்மையாகவில்லை. வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் சுற்றிவளைத்துச் சாதியைத் தெரிந்துகொள்கிறார்கள். மனை விற்கும்போதும் யாருக்கு விற்கிறோம் என்று பார்க்கிறார்கள். சபையிலும் பங்கிலும்கூட எந்தக் குடும்பம் என்ற விசாரணை ஓயவில்லை. ஒருவரோடு ஒருவர் பழகாத அக்கம்பக்கத்தில் இந்த விசாரணைதான் மிஞ்சும், ஏனென்றால் ஒருவரை அறிந்துகொள்ள அங்கே வேறு வழியே இல்லை. பழைய ஊரின் குற்றம் அது கடமைகளை விதித்தது என்பதில் இல்லை. அவற்றைப் பிறப்பை வைத்து விதித்தது, அதுவும் ஒருபக்கமாகவே விதித்தது என்பதில் இருக்கிறது. அந்தக் குற்றத்துக்கு மருந்து, கடமையே இல்லாத குடியிருப்பு ஆகாது. வந்து சேர்ந்த யாரும் சமமாக ஏற்கவும் சமமாகப் பெறவும் கூடிய கடமைகள் உள்ள குடியிருப்புதான் மருந்து. முந்திரிக் கிணறு மூடப்பட்ட கிணறாக இருந்திருந்தால் அதை யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். எல்லோரும் ஒரே கயிற்றைப் பிடித்ததால்தான் அது சமயத்தின் பகுதியானது.

அடுத்த மறுப்பு நேரம் பற்றியது. விடியற்காலையில் புறப்பட்டு இரவில் களைத்து வருபவரிடம், எஞ்சிய நேரத்தைக் குடும்பத்துக்குக் கொடுப்பதா ஊருக்குக் கொடுப்பதா என்று கேட்டால் குடும்பத்துக்கு என்பதே முறையான பதிலாகத் தோன்றும். குடும்பத்துக்காகத்தானே இங்கே வந்ததே. இதற்குத் திருவள்ளுவர் வழி காட்டுகிறார். அவர் இல்லறத்தானின் கடமையைச் சொல்லும்போது மறைந்த முன்னோர், தெய்வம், விருந்தினர், உறவினர், தான் என்று ஐந்து பேரை வரிசைப்படுத்துகிறார். குடும்பம் என்பதே இந்த ஐந்தையும் தாங்கும் ஏற்பாடு; மனைவி மக்களை மட்டும் தாங்குவது அவர் கணக்கில் முழு இல்லறம் ஆகாது. நடுவூரில் இந்த ஐந்தையும் நிறைவேற்ற இடம் இருக்கிறது. ஆடி அமாவாசையன்று குழித்துறைத் தாமிரபரணிக் கரையில் வாவுபலிக்குக் கூடுகிறவர்கள் தங்கள் முன்னோருக்குப் பலியிடுகிறார்கள். அந்த முன்னோர் எந்த ஊரில் மறைந்தார்கள் என்று ஆறு கேட்பதில்லை. நேரமில்லை என்பதன் இன்னொரு முகத்தையும் பார்க்க வேண்டும். பல வீடுகளில் ஊர்க்கடமை நின்றுபோகவில்லை; அது வண்டி ஏறாமல் வீட்டில் இருக்கும் பெண்கள் மேலும் முதியவர்கள் மேலும் இறங்கியிருக்கிறது. அன்பியக் கூட்டத்துக்கும் ஊர்க்கூட்டத்துக்கும் துட்டி வீட்டுக்கும் போவது அவர்கள்தாம். கடமை இல்லை என்று சொல்லும் ஆண், உண்மையில் தன் கடமையை இன்னொருவர் தோளில் ஏற்றியிருக்கிறார். அதைத் தன் தோளுக்கு மாற்றிக்கொள்ள அவருக்கு வாரத்தில் ஒரு மாலை போதும்.

வரி கட்டுகிறோம், குப்பை அள்ளவும் தண்ணீர் விடவும் நகராட்சி இருக்கிறது, இதற்கு மேல் என்ன கடன் என்பது மூன்றாவது மறுப்பு. அரசு செய்ய வேண்டியதை அரசிடம் கேட்டுப் பெறுவது சரியே. ஆனால் எந்த நகராட்சியாலும் வீட்டுக்கு வீடு நுழைந்து செய்ய முடியாத காரியங்கள் உண்டு. விளவங்கோட்டு நிலம் மேடும் சரிவுமானது. இங்கே வீடுகள் நெருக்கமான தெருக்களாக அமையாமல் விளைகளுக்குள் தென்னையும் பலாவும் வாழையும் சூழத் தனித்தனியே இருந்து பழகியவை. விளைகள் மனைகளாக வெட்டப்பட்டபோது, முற்றம் முழுக்க இன்டர்லாக் கல் பதித்து, சுற்றிலும் காம்பவுண்ட் சுவர் எழுப்புவது வழக்கமாகிவிட்டது. மேட்டு வீட்டு முற்றத்தில் விழுந்த மழை மண்ணுக்குள் இறங்க வழியின்றிச் சுவரில் விட்ட ஓட்டை வழியாகக் கீழ்வீட்டு வாசலுக்குப் பாய்கிறது. மேட்டு வீட்டுக் கிணறோ கோடையில் வற்றுகிறது. சட்டப்படி மேட்டு வீட்டுக்காரர் எந்தத் தவறும் செய்யவில்லை. அறத்தின்படி செய்திருக்கிறார். ஒப்புரவைப் பற்றிச் சொல்ல வள்ளுவர் ஊருணியை உவமையாக்கியது தற்செயலாக இருக்க முடியாது. நீரில்தான் நம் நன்மையும் அடுத்தவர் நன்மையும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் இந்த மாவட்டத்தைத் தாக்கியபோது ரப்பரும் வாழையும் சாய்ந்து, மின்கம்பங்கள் விழுந்து, பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. மோட்டார் ஓடாத அந்த நாட்களில் கயிறும் வாளியும் உள்ள கிணறு யார் வீட்டில் இருந்ததோ அந்த வீட்டு வாசலில்தான் மக்கள் நின்றார்கள். அந்தக் கிணற்றைத் திறந்துவிட வேண்டும் என்று எந்த விதியும் கட்டாயப்படுத்தவில்லை.

கடைசி மறுப்பு தத்துவத்திலிருந்து வருவது. எல்லா இடத்தையும் சமமாகக் காண்பதே மேலான ஞானம் என்று நம் மரபு சொல்லவில்லையா? நட்ட கல்லில் தெய்வத்தைத் தேடாதே என்று சித்தர்கள் இடித்துரைக்கவில்லையா? உண்மைதான்; தெய்வத்தை ஓரிடத்தில் அடைத்துவிட முடியாது. ஆனால் கடவுள் எங்கும் இருக்கிறார். அடுத்த வீட்டுக்காரர் ஓரிடத்தில்தான் இருக்கிறார். எல்லா இடத்தையும் நேசிக்கிறேன் என்பவர் அதை மெய்ப்பிக்க வேண்டிய இடம், தான் நிற்கும் இடம் தவிர வேறில்லை. இஸ்லாமிய மரபில் நபிகள் நாயகம் சொன்னதாக ஒரு செய்தி உண்டு: அண்டை வீட்டாரின் உரிமையை ஜிப்ரீல் எவ்வளவு வலியுறுத்தினார் என்றால், அண்டை வீட்டாரைச் சொத்துக்கு வாரிசாகவே ஆக்கிவிடுவாரோ என்று நபிகளுக்குத் தோன்றியதாம். உறவுக்கும் இனத்துக்கும் இல்லாத ஓர் உரிமை, பக்கத்தில் இருக்கிறார் என்ற ஒன்றினாலேயே ஒருவருக்குக் கிடைக்கிறது. இந்த உரிமை ஓரிடத்தில் மட்டும் இருந்தாக வேண்டும் என்றும் இல்லை. பூர்வீக ஊருக்குப் பட்ட கடனைப் பங்குனி உத்திரத்தில் தீர்க்கிறவர், உறங்கும் ஊருக்குப் பட்டதையும் தீர்க்கலாம். பத்மநாபபுரத்துச் சரஸ்வதிக்கு இரண்டு நகரங்களோடும் உறவு இருப்பதால் எதனோடும் அந்த உறவு குறைந்துபோய்விடவில்லை.

இவ்வளவும் வந்தவர்களுக்கு. இருந்தவர்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. கடமையை ஏற்கச் சொல்லிவிட்டு இடத்தை மறுத்தால் அது நியாயமாகாது. பதினைந்து ஆண்டுகள் வரி கொடுத்தவரைக் கொடைக் கமிட்டியில் வந்தவர் என்றே வைத்திருப்பதும், சந்தா கட்டிய குடும்பத்துக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் தர யோசிப்பதும் கடனைப் பெற்றுக்கொண்டு பத்திரத்தைத் தராமல் இருப்பதற்குச் சமம். மக்கள் நடுவூரில் நிலைத்துவிட்டார்கள் என்பதைத் திருச்சபை அதிகாரம் முறைப்படி ஏற்றுக்கொண்டுவிட்டது. 1996-ல் மார்த்தாண்டத்தைத் தலைமையிடமாகக் கொண்டு மலங்கரை மறைமாவட்டமும், அதே ஆண்டில் தக்கலையில் சீரோ மலபார் மறைமாவட்டமும், 2014-ல் கோட்டாற்றிலிருந்து பிரித்துக் குழித்துறையில் இலத்தீன் மறைமாவட்டமும் அமைந்தன. நிர்வாகம் ஏற்றுக்கொண்டதைத் தெருவும் ஏற்றுக்கொள்ள வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி மாவட்டத்து மக்களில் ஏறத்தாழ 49 சதவீதம் இந்துக்கள், 47 சதவீதம் கிறிஸ்தவர்கள், 4 சதவீதம் முஸ்லிம்கள். இப்படிப்பட்ட இடத்தில் ஒரு தெருவின் கடமைகளை ஒரு கோயிலோ ஒரு சபையோ தனியாகத் தாங்க முடியாது. கொடைக்குக் கிறிஸ்தவ வீட்டின் மின்இணைப்பும், ஆலயத் திருவிழாவுக்கு இந்து வீட்டின் முற்றமும் கைகொடுக்கும் தெருக்கள் இங்கே இருக்கின்றன. அவை விதிவிலக்காக இருக்கக் கூடாது என்பதே என் வேண்டுதல்.

ஆகவே, நடுவூரில் வீடு கட்டுகிறவர் தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, இது என் ஊரா என்பதன்று. அதற்குப் பிறப்புச் சான்றிதழிலும் பத்திரத்திலும் விடை கிடையாது. என்னிடம் எதையாவது உரிமையோடு கேட்கக்கூடியவர்கள் இந்தத் தெருவில் எத்தனை பேர் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இரவில் ஆஸ்பத்திரிக்கு வண்டி எடுக்கச் சொல்ல, கோடையில் கிணற்றைத் திறக்கச் சொல்ல, துட்டி வீட்டில் பந்தல் காலைப் பிடிக்கச் சொல்ல, பிள்ளைகளை மாலையில் பார்த்துக்கொள்ளச் சொல்ல ஒருவர்கூட இல்லையென்றால், எத்தனை ஆண்டுகள் குடியிருந்தாலும் அவர் அங்கே இன்னும் வந்து சேரவில்லை. ஒருவர் இருந்தாலும், வந்து ஆறு மாதமே ஆகியிருந்தாலும், அவர் ஊர்க்காரர்தான். பிள்ளைகளுக்காக இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தோம் என்று சொல்லும் பெற்றோர் இதை முக்கியமாக எண்ணிப் பார்க்க வேண்டும். நல்ல பள்ளிக்கூடத்தையும் பத்திரமான தெருவையும் நாம் பிள்ளைகளுக்குத் தேடித் தரலாம். ஆனால் நம் பெற்றோர் இந்தத் தெருவுக்கு வேண்டப்பட்டவர்கள் என்ற நினைவோடு அவர்கள் வளர்வதும் வளராததும், நாம் அந்தத் தெருவுக்கு என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்தது. சமயம் ஒரு குடும்பத்துக்குத் தரக்கூடிய கல்வியில் இதைவிட அடிப்படையானது வேறில்லை என்றே நான் நம்புகிறேன்.